சீனத்து மருத்துவச்சியும் கொதித்த கத்தரிக்கோலும்

பிறந்த குழந்தை முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடிக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காம்பைக் கவ்வ முடியாமல் திணறும். தாடை இறுகும். சிரிக்கிறதா அழுகிறதா என்று சொல்ல முடியாதபடி முகம் இறுகி இழுத்து நிற்கும். கதவு சாத்தும் சத்தத்துக்கே உடம்பு வில்லாக வளையும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் கதை முடிந்துவிடும். நாலாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் நடுவில் வருவதால் வடசீனக் கிராமங்களில் இதற்கு ‘நாலாறு காற்று’ என்று பெயர். வைத்திய நூல்கள் ‘தொப்புள் காற்று’ என்றன. நமக்கு இது இரணஜன்னி (டெட்டனஸ்).

காரணம் காற்று இல்லை, மண். மண்ணிலும் சாணத்திலும் கிடக்கும் ஒரு கிருமியின் வித்துகள், தொப்புள்கொடியை அறுத்த கருவி வழியாகவோ அறுத்த இடத்தில் அப்பிய சாம்பல் வழியாகவோ உள்ளே போகின்றன. தையல் கத்தரிக்கோல், அரிவாள், உடைந்த ஓட்டுச் சில்லு, பிளந்த சோளத்தட்டை என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் அறுக்கும் கருவியாக இருந்தது. பெற்றவளுக்கு வேறு ஆபத்து. கழுவாத கை கருப்பைக்குள் போய் வந்தால் இரண்டு மூன்று நாளில் குளிர்காய்ச்சல் தொடங்கும்; அடிவயிறு வலிக்கும்; கசிவு நாறும். 1920களிலும் 30களிலும் சீனப் பொதுச் சுகாதார மருத்துவர்கள் போட்ட கணக்குப்படி, 1,000 பிரசவத்துக்குச் சுமார் 15 தாய்மார்கள் இறந்தார்கள். பிறந்த 1,000 குழந்தைகளில் 250 முதல் 300 வரை முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. முழுமையான பதிவேடு இல்லாத காலம் என்பதால் இவை மதிப்பீடுகள்தான். ஆனாலும் இந்தச் சாவுகளில் பெரும் பங்கைத் தடுக்க ஆஸ்பத்திரிகூடத் தேவையில்லை, சோப்பும் வெந்நீரும் ஒரு தனிக் கத்தரிக்கோலும் போதும் என்பது அப்போதே தெரிந்திருந்தது.

வைத்தியம் மலிவு. அதை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். நூறு வருடச் சீனப் பேறுகால வரலாறு அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

பழைய கை

மருத்துவச்சிக்குச் சீனத்தில் பல பெயர்கள். ‘வென்போ’ என்றால் நிலைப்படுத்தும் கிழவி. ‘ஜியேஷெங்போ’ என்றால் பிறப்பைக் கையில் வாங்கிக்கொள்ளும் கிழவி. பெய்ஜிங்கில் ‘லாவ்லாவ்’, அதாவது பாட்டி. 14ஆம் நூற்றாண்டிலேயே ‘மூன்று அத்தைகள், ஆறு கிழவிகள்’ என்றொரு பட்டியல் எழுதிவைத்தார்கள். நல்ல குடும்பத்து வாசலை மிதிக்க விடக்கூடாத பெண்கள் என்று அதில் தரகுக்காரி, சாமியாடி, மருந்து விற்பவள் எல்லோருடனும் வென்போவும் சேர்க்கப்பட்டாள். ஆனால் வலி கண்டதும் முதலில் ஆள் போவது அவள் வீட்டுக்குத்தான். நீதிமன்றத்தில் பெண்ணுடலைப் பரிசோதிக்க வேண்டியிருந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட வேலைக்கு ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆளுக்கு மரியாதை வேண்டாம் என்ற கணக்கு உலகத்துக்கே பொது.

வடக்கில் பிரசவம் நடப்பது ‘காங்’ என்னும் செங்கல் மேடையில். அடுப்புப் புகை அடியில் ஓடிச் சூடாக்கும் மேடை அது. பாயை எடுத்துவிட்டு வைக்கோல் பரப்புவார்கள். ‘வைக்கோலில் உட்கார்ந்தாள்’ என்றாலே வலி கண்டுவிட்டது என்று பொருள். குழந்தை பிறப்பதை ‘புல்லில் விழுந்தது’ என்பார்கள். பெண் குந்தியோ முட்டி போட்டோ இருப்பாள். பின்னாலிருந்து ஒருத்தி இடுப்பைத் தாங்குவாள். முன்னால் ஒரு தொட்டி. அதனால்தான் இன்றும் சீன மொழியில் பிரசவ நேரத்துக்கு ‘தொட்டியை நெருங்குதல்’ என்ற சொல் புழங்குகிறது.

இந்த முறையில் தப்பு எங்கே நேர்ந்தது என்பதை 1715இல் வெளிவந்து, பிறகு எண்ணற்ற தடவை மறுபதிப்பு கண்ட ‘தாஷெங் பியென்’ என்ற சிறு நூல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதன் உபதேசம் மூன்றே வரி: தூங்கு, வலியைப் பொறு, தொட்டிக்கு அவசரப்படாதே. பழுத்த சுரைக்காய் காம்பை விட்டுத் தானே கழலும் என்பது அதன் வாதம். கருப்பை வாய் திறக்கும் முன்பே “முக்கு, முக்கு” என்று மருத்துவச்சி விரட்டினால், தலை இறங்க வேண்டிய நேரத்தில் தாயிடம் சக்தி மிச்சமிருக்காது. கருப்பை வாயும் வீங்கிக்கொள்ளும். கை முதலில் எட்டிப் பார்க்கும் குறுக்குப் பிள்ளையை, அந்தக் கையைப் பிடித்தே இழுத்தால் இன்னும் இறுகும். இரண்டும் இன்றைய மகப்பேறு மருத்துவர் ஒப்புக்கொள்ளும் கருத்துகள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எழுதியவர் ஆண், படித்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள். பிரசவ அறைக்குள் கால் வைக்காத ஒருவர், உள்ளே இருப்பவளைக் குற்றம் சொல்லி எழுதிய நூல் அது. அவள் எழுதி வைத்தது எதுவும் நம்மிடம் இல்லை.

தொப்புள் விஷயம் இன்னும் விசித்திரமானது. குழந்தைக்கு வரும் தொப்புள் காற்றும், பெரியவர்களுக்குக் காயம் பட்டபின் வாய் இறுகி வரும் நோயும் ஒன்றே என்று சோங் வம்சக் காலத்துக் குழந்தை வைத்திய நூல் ஒன்று எழுதியிருக்கிறது. கொடியை வெட்டாமல் தீயால் சுட்டு அறுக்கவும், அறுத்த இடத்தைச் சூடு வைத்து மூடவும் வைத்தியர்கள் வழி சொன்னார்கள். கிருமி என்ற சொல்லே இல்லாத காலத்தில் கிட்டத்தட்டச் சரியான விடை! ஆனால் அந்த அறிவு நூலோடு தங்கிவிட்டது. கொடியை அறுப்பவளுக்குப் படிக்கத் தெரியாது.

மூன்றாம் நாள் குளியல்

மருத்துவச்சியின் வேலை பிள்ளையை வாங்கியதோடு முடிவதில்லை. பெய்ஜிங்கில் லாவ்லாவ் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டிய சிறு பலகை தொங்கும்: ‘வேகக் குதிரை, இலேசான வண்டி. இன்ன வீட்டு லாவ்லாவ். வாங்குவது, கழுவுவது’. அந்தக் கழுவுதல்தான் ‘ஷி சான்’, மூன்றாம் நாள் குளியல்.

வேம்பு போன்ற இலைகொண்ட ஹுவாய் மரக் கிளையையும் மாசிப்பச்சை வகைத் தழையையும் போட்டு நீரைக் கொதிக்க வைப்பார்கள். ஆறியதும் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு கரண்டி பச்சைத் தண்ணீரும் கூடவே காசும் தொட்டிக்குள் போடுவார்கள். சீன இலந்தை, வேர்க்கடலை, முட்டை, லோங்கான் பழம் எல்லாம் அதே தொட்டியில் விழும். லாவ்லாவ் குழந்தையைக் கழுவிக்கொண்டே பாடுவாள்: முதலில் தலையைக் கழுவினால் பிரபு ஆவான், அடுத்து இடுப்பைக் கழுவினால் தலைமுறைக்குத் தலைமுறை உயர்வான் என்று. வெங்காயத் தாள் ஒன்றை எடுத்து மெல்ல அடிப்பாள். சீன மொழியில் வெங்காயத் தாளுக்கும் புத்திசாலித்தனத்துக்கும் ஒரே ஒலி. பிறகு தொப்புளில் சுட்ட படிகாரப் பொடியைத் தூவிப் பஞ்சு வைத்துக் கட்டுவாள். தொட்டியில் விழுந்த காசு முழுவதும் அவளுக்கு.

சுகாதார அலுவலர் கண்ணில் இது நடுங்க வைக்கும் காட்சி. ஆறாத தொப்புள், நூறு கை பட்ட காசு ஊறிய நீர். ஆனால் அதே காசுதான் மருத்துவச்சியின் வருமானம். வீட்டுக்கோ அந்தக் குளியல்தான் குழந்தை குடும்பத்தில் சேர்ந்ததற்கு அடையாளம். பிற்காலத்தில் பள்ளியில் படித்து வந்த இளம்பெண் கொடியை ஒழுங்காக வெட்டினாள். பாட்டுப் பாடத் தெரியவில்லை. ஒரு வேலையின் பாதியை மட்டும் கற்றுக்கொண்டு வந்தவளாகத்தான் ஊர் அவளைப் பார்த்தது.

எலும்பு இளகிய பெண்கள்

எல்லாப் பழியும் மருத்துவச்சி மேல் விழுவதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1920களிலும் 30களிலும் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் மகப்பேறுத் துறையை நடத்திய பிரஸ்டன் மாக்ஸ்வெல், வடசீனத்தில், முக்கியமாக ஷான்சி மாகாணத்தில், எலும்பு இளகல் நோயை ஆராய்ந்தார். கால் கட்டப்பட்ட பெண்கள், வீட்டுக்குள்ளேயே அடைபட்ட வாழ்க்கை, முகத்தில் படாத வெயில், பாலும் கொழுப்பும் இல்லாத தானியச் சாப்பாடு. வைட்டமின் டி இல்லை. சுண்ணாம்புச் சத்தும் குறைவு. ஒவ்வொரு கர்ப்பமும், அதைத் தொடர்ந்து பாலூட்டலும் எலும்பிலிருந்து இன்னும் கொஞ்சம் உருவிக்கொண்டு போகும். இடுப்பெலும்பு உடல் பாரத்தைத் தாங்காமல் உள்நோக்கி மடங்கும்.

இதில் கொடுமை, தலைச்சன் பிள்ளை சுகமாகப் பிறந்திருக்கும். இரண்டாவது கொஞ்சம் கஷ்டம். நாலாவது பிரசவத்தில் தலை இறங்க வழியே இருக்காது. மூன்று பிள்ளை பெற்ற அனுபவசாலிதானே என்று வீடு காத்திருக்கும். இரண்டு நாள், மூன்று நாள் போகும். அந்த நிலையில் குழந்தையின் தலையை உடைத்து எடுப்பது அல்லது வயிற்றைக் கிழித்து எடுப்பது, இரண்டே வழி. இரண்டுக்கும் மருத்துவச்சியிடம் கருவியில்லை. இரும்புக் கொக்கி போட்டு இழுத்த கதைகள் பிறகு சுகாதாரப் பிரசாரத்தில் அவளை அரக்கியாகக் காட்டப் பயன்பட்டன. அந்த நிலைக்கு அவளைக் கொண்டு நிறுத்திய இடுப்பெலும்பைப் பற்றிப் பிரசாரம் அதிகம் பேசவில்லை.

பெய்பிங்கில் ஒரு பள்ளி

மாற்றம் முதலில் கடலோரத்தில் தொடங்கியது. மிஷன் மருத்துவமனைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே கான்டன் போன்ற துறைமுக நகரங்களில் சிக்கலான பிரசவங்களைப் பார்த்தன. 1899இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தது. ஹாங்காங்கில் 1904இல் ஆலிஸ் மெமோரியல் மகப்பேறு மருத்துவமனை, 1910இல் மருத்துவச்சிகளுக்கான சட்டம். இவையெல்லாம் சிறு தீவுகள்.

நாடு தழுவிய திட்டமாக இதை யோசித்தவர் யாங் சோங்ருய். 1891இல் பிறந்தவர், 1917இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1920களின் நடுவில் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொதுச் சுகாதாரம் படித்துத் திரும்பினார். அப்போது பீக்கிங் யூனியன் கல்லூரியின் ஜான் கிராண்ட், நகரக் காவல் துறையோடு சேர்ந்து 1925இல் ஒரு சுகாதார நிலையத்தைத் தொடங்கி, ஒரு வட்டாரத்தின் பிறப்பு இறப்பை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த எண்ணிக்கையைப் பார்த்து யாங் வந்து சேர்ந்த முடிவு, இன்று எளிதாகத் தெரிந்தாலும் அன்று மருத்துவர்களுக்குப் பிடிக்காதது: மகப்பேறு மருத்துவர்களை உருவாக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. ஏற்கனவே கிராமத்தில் இருக்கும் கிழவிக்குக் கை கழுவக் கற்றுக்கொடு. அதற்குள் அடுத்த தலைமுறைக்கு இளம்பெண்களைத் தயார் செய்.

1928இல் பழைய மருத்துவச்சிகளுக்கு இரண்டு மாத வகுப்பு தொடங்கியது. எழுத்து தெரியாதவர்களுக்கு வாய்ப்பாடம், பொம்மை வைத்துச் செய்முறை. நகத்தை ஒட்ட வெட்டு. தூரிகையும் சோப்பும் கொண்டு முழங்கை வரை தேய். கத்தரிக்கோலையும் நூலையும் கொதிக்க வை. கொடியில் துடிப்பு நின்றபின் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி நடுவில் வெட்டு. மேலே கிருமி நீக்கிய துணி தவிர வேறெதுவும் வைக்காதே. குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடு. நஞ்சுக்கொடி வர நேரமானால் இழுக்காதே. வந்ததும் விரித்துப் பார்த்துத் துண்டு எதுவும் விட்டுப்போகவில்லையா என்று பார். கை முதலில் வந்தால், வலிப்பு வந்தால், உதிரம் நிற்காமல் போனால் உடனே மருத்துவரைக் கூப்பிடு.

கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்தது பற்றி ஒரு நுணுக்கம். இரணஜன்னியின் வித்து சாதாரணக் கொதிநீருக்கு எளிதில் சாகாது. சில வகை நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். அப்படியும் நோய் மளமளவென்று குறைந்தது. ஏனென்றால், பிரசவத்துக்கென்றே ஒதுக்கிய கத்தரிக்கோல் தோட்டத்துக்குப் போவதில்லை, துருப்பிடிப்பதில்லை, தேய்த்துக் கழுவப்படுகிறது. வெட்டிய இடத்தில் மண்ணும் சாம்பலும் விழுவதும் நின்றது. பாதி வேலையைச் செய்தது கொதிநீர் என்றால், மீதியைச் செய்தது ‘தனி’ என்ற சொல்.

அதே 1928இல் நாங்கிங்கைத் தலைநகராகக் கொண்ட தேசியவாத அரசு மருத்துவச்சிகளுக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 1929இல் யாங் தலைமையில் முதல் தேசியப் பேறுகாலப் பள்ளி பெய்பிங்கில் (பெய்ஜிங்குக்கு அன்றைய பெயர்) திறந்தது. உயர்நிலைப் பள்ளி முடித்த பெண்களுக்கு இரண்டு வருடப் படிப்பு. அவர்களுக்குச் சூட்டிய பெயரைப் பாருங்கள்: ‘ஜூசான்ஷி’. ‘போ’ என்ற கிழவி போய், பட்டம் பெற்றவருக்குரிய ‘ஷி’ வந்தது. பிறப்பை ‘வாங்குவது’ போய், பிறப்புக்கு ‘உதவுவது’ ஆயிற்று. சொல்லை மாற்றியதே ஒரு வகுப்பை மாற்றியதுதான். பள்ளிக்கூடத்து மகள் இந்த வேலைக்குப் போகலாம் என்று நகரத்து நடுத்தரக் குடும்பம் ஒப்புக்கொள்ள அந்தப் புதுப் பெயர் தேவைப்பட்டது.

கிராமத்தில் இது ஓடவில்லை. பெய்பிங்குக்குத் தெற்கே, சுமார் 4 லட்சம் பேர் வாழ்ந்த டிங் மாவட்டத்தில் 1930களில் சென் ஜிசியென் நடத்திய கிராமச் சுகாதாரத் திட்டம் உலகப் புகழ் பெற்றது. ஊர்க்காரர் ஒருவருக்கே சிறு பயிற்சியும் மருந்துப் பெட்டியும் கொடுத்து, அம்மை குத்துவதையும் பிறப்பு இறப்பு எழுதுவதையும் அவரிடம் விட்ட திட்டம். மாவோ காலத்தில் கிராமங்களில் வைத்தியம் பார்த்த ‘வெறுங்கால் மருத்துவர்’களுக்கு முன்னோடி. ஆனால் அந்த ஊர்ப் பணியாளர்கள் பெரும்பாலும் ஆண்கள். பிரசவ அறை அவர்களுக்குப் பூட்டிய கதவு. வயதான மருத்துவச்சிகளுக்குப் புது முறையில் ஆர்வமில்லை. நகரத்திலிருந்து வந்த கல்யாணமாகாத பெண்ணை, பெற்றறியாதவளுக்கு என்ன தெரியும் என்று மாமியார்கள் திருப்பி அனுப்பினார்கள். அம்மை குத்துவதில் ஜெயித்த திட்டம் தொப்புள்கொடியிடம் தடுமாறியது. வீட்டில் முடிவெடுப்பது மாமியார், பாடம் நடத்தப்படுவது மருமகளுக்கு. இந்த இடைவெளியைப் பள்ளிகள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டன.

1949இல் முறையாகப் படித்த பேறுகாலச் செவிலியர் நாடு முழுக்கச் சுமார் 13,900 பேர். மக்கள்தொகை ஏறக்குறைய 54 கோடி. ஆயிரத்துக்கு 36 என்ற அன்றைய பிறப்பு விகிதத்தை வைத்துப் பார்த்தால், ஒருத்தி தலையில் வருடத்துக்கு 1,400 பிரசவம். அவர்களும் பெரும்பாலும் நகரத்தில்.

ஒரு படுக்கை, மூன்று சுத்தம்

1949இல் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்ட் அரசு யாங்கின் கணக்கையே கையில் எடுத்தது. அவரையே சுகாதார அமைச்சகத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்குத் தலைவராக்கியது. புதிதாக இருந்தது வேகமும் அமைப்பும்தான். ஊர் மாதர் சங்கம் பழைய மருத்துவச்சிகளைக் கூட்டி உட்கார வைத்தது. சில நாள் முதல் சில வாரம் வரை வகுப்பு. ‘படுக்க வை, மூன்றைச் சுத்தம் செய்’ என்று மனப்பாடம்: மருத்துவச்சியின் கை, தாயின் பிறப்புறுப்பு, கொடி வெட்டும் கருவியும் கொடியும். எத்தனை குழந்தை நாலாறு காற்றில் போயிற்று என்று ஊர்க்கூட்டத்தில் வாயால் சொல்லச் சொன்னார்கள். தான் அறுத்த கொடிதான் காரணம் என்று ஒரு கிழவி முதன்முதலாகக் கேட்டு உட்கார்ந்திருந்த அந்தக் கணத்தை எண்ணிப் பார்க்காமல் இந்த வெற்றியைப் பற்றிப் பேசுவது முழுமையாகாது.

பலன் பெரிது. 1,000க்கு 15 என்று இருந்த தாய்மார் சாவு சில பத்தாண்டுகளில் பல மடங்கு சரிந்ததில், பெரிய ஆஸ்பத்திரிகளைவிட இந்த மூன்று சுத்தத்துக்குப் பங்கு அதிகம். ஆனால் அந்த மந்திரத்தின் முதல் சொல் என் பார்வையில் தேவையில்லாதது. குந்திப் பெறுவதற்கும் இரணஜன்னிக்கும் சம்பந்தமே இல்லை. மல்லாந்து படுத்தால் மருத்துவச்சிக்குக் கண்ணும் கையும் எட்டும், கிழியாமல் தாங்கிப் பிடிக்கலாம், அவ்வளவுதான்; முக்குவதற்குக் குந்துவதே வசதி. பல பெண்கள் புது முறையை மறுத்தது சோப்புக்காக இல்லை, படுக்கச் சொன்னதற்காக. மறுபக்கம், பெற்றபின் உதிரம் தலைக்கேறிவிடும் என்று வடக்கில் பச்சை உடம்புக்காரியை நாள்கணக்கில் சுவரில் சாய்த்து உட்கார வைக்கும் வழக்கம் இருந்தது. புது முறை அவளைப் படுத்துத் தூங்கவிட்டது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதை வாழ்த்திய பெண்கள் உண்டு.

1952இல் நகர மருத்துவமனைகளில் இன்னொரு அலை: சோவியத்திலிருந்து ‘வலியில்லாப் பிரசவம்’. மருந்தில்லை. ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் கோட்பாட்டை வைத்து, வலி என்பது பயத்தால் பழகிய எதிர்வினை என்று கர்ப்பிணிகளுக்குப் பாடம் நடத்தி, மூச்சுப் பயிற்சியும் வயிற்றைத் தடவிக்கொடுப்பதும் கற்றுத்தந்தார்கள். சோவியத்தோடு உறவு கசந்ததும் அது மெல்ல மறைந்தது. அதே முறையை 1951இல் சோவியத்தில் பார்த்துவிட்டுப் பாரிஸுக்குக் கொண்டுபோனவர் லாமாஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர். பல வருடம் கழித்துச் சீனத்து மகப்பேறு வகுப்புகளில் அது ‘லாமாஸ் மூச்சு’ என்ற மேற்கத்திய நாகரிகமாகத் திரும்பி வந்தது. விலாசம் மாறி வந்த பழைய தபால்!

1958இல் அரசு முடுக்கிய ‘மாபெரும் பாய்ச்சல்’ என்ற அவசர உற்பத்தி இயக்கம் வேறு விதமாக அடித்தது. கம்யூன்கள் என்ற கூட்டுப் பண்ணைகளில் பிரசவ விடுதிகள் அவசரமாகத் திறக்கப்பட்டன, பல அதே அவசரத்தில் மூடின. பெண்கள் வயலுக்கும் அணை வேலைக்கும் அழைக்கப்பட்டார்கள். பிள்ளை பெற்றபின் கருப்பையைத் தாங்கும் தசைநார்கள் இறுகச் சில வாரமாவது வேண்டும். அதற்குள் மண்கூடை சுமந்தால், அதுவும் அரைவயிற்றோடு, கருப்பை கீழே இறங்கிவிடும். 1960களின் தொடக்கத்தில் மருத்துவக் குழுக்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்த முக்கிய நோய்களில் அடி இறக்கமும் மாதவிலக்கு நின்றுபோவதும் அடங்கும். வேலை பங்கிடும் தலைவர்களுக்கு ஒரு சூத்திரம் கொடுக்கப்பட்டது: விலக்கு நாளில் ஈரவயல் வேண்டாம், காய்ந்த நிலம் கொடு, கர்ப்பிணிக்குப் பளு வேண்டாம், இலேசான வேலை கொடு, பாலூட்டுபவளைத் தூரம் அனுப்பாதே, பக்கத்தில் வை. நல்ல விதிதான். ஆனால் இலேசான வேலைக்கு வேலைப்புள்ளி குறைவு. புள்ளி குறைந்தால் தானியம் குறைவு. ஆகவே பல பெண்கள் தாங்களே பளுவைக் கேட்டு வாங்கினார்கள்.

யாங் 1957இல் ‘வலதுசாரி’ என்று முத்திரை குத்தப்பட்டு ஒதுக்கப்பட்டார். அவருக்குப் பத்து வயது இளையவர், பீக்கிங் யூனியனில் மகப்பேறுத் துறையை நடத்திய லின் சியாவ்ஜி. திருமணம் செய்துகொள்ளாத அவரைச் சீனம் ‘பத்தாயிரம் குழந்தைகளின் தாய்’ என்று கொண்டாடுகிறது. இருவரும் ஒரே வருடத்தில், 1983இல் இறந்தார்கள். லின்னுக்குச் சிலை உண்டு. கொடி வெட்டக் கிழவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவரின் பெயர் துறைக்கு வெளியே அதிகம் தெரியாது.

முப்பது நாள்

பிரசவ முறை தலைகீழாக மாறியும் அசையாமல் நிற்பது ‘மாதம் உட்காருதல்’. பெற்றவள் 30 நாள் வெளியே வரக்கூடாது, காற்று படக்கூடாது, குளிர்ந்த நீரைத் தொடக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது. வடக்கில் தினைக்கஞ்சியும் கருஞ்சர்க்கரையும் முட்டையும். குவாங்டோங்கில் பன்றிக்காலை இஞ்சியோடும் இனிப்புக் காடியோடும் நெடுநேரம் கொதிக்கவிட்டு முட்டை போட்டுத் தருவார்கள். காடியின் புளிப்பு எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை இறக்கித் தருவதால், பால் குடிக்காத நாட்டில் இது யோசித்து வைத்த பத்தியம் போலவே இருக்கிறது. கெடுதலும் உண்டு. காயும் கனியும் ‘குளிர்ச்சி’ என்று ஒதுக்கினால் மலச்சிக்கல். கோடையில் சன்னலைச் சாத்திப் போர்வை போர்த்தினால் வெப்ப மயக்கம், சில நேரம் உயிருக்கே ஆபத்து. ஆனால் மருமகளுக்கு வாழ்நாளில் அதிகாரபூர்வமாகக் கிடைத்த ஓய்வு இது ஒன்றுதான். அரசாங்கம் எத்தனை பிரசாரம் செய்தும் பெண்கள் இதை விட்டுக்கொடுக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இன்று நகரங்களில் இதற்கென்றே தனி விடுதிகள் பெரும் தொழிலாகிவிட்டன.

மருத்துவமனைக்குப் போன கத்தரிக்கோல்

1980களில் கம்யூன் கலைந்தது. வேலைப்புள்ளியில் கூலி வாங்கிய ஊர் மருத்துவச்சிக்குக் கூலி கொடுக்க ஆளில்லை. கூட்டுறவு மருத்துவமும் சரிந்தது. 1985இல் மருத்துவமனைப் பிரசவம் 43.7 சதவீதம்தான். 1990இல் லட்சம் பிரசவத்துக்கு 88.8 தாய்மார் சாவு. அதில் முதலிடம் உதிரப்போக்குக்கு. இதுதான் ஆட்டத்தை மாற்றிய இடம். கிருமியைச் சோப்பால் வெல்லலாம். கருப்பை சுருங்காமல் கொட்டும் உதிரத்தை வெல்ல அதைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசியும் ஏற்ற இரத்தமும் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடும். மலைக்கிராமத்து மருத்துவச்சி எவ்வளவு கைதேர்ந்தவளானாலும் இதற்கு ஈடு கொடுக்க முடியாது.

ஒரு குழந்தைக் கொள்கை எதிர்பாராத ஒரு பக்கத்தில் உதைத்தது. அனுமதியில்லாத கர்ப்பத்தைச் சுமந்தவள் மருத்துவமனைக்கோ பதிவுபெற்ற மருத்துவச்சியிடமோ போகவில்லை. உறவுக்காரர் வீட்டில் ஒளிந்து பெற்றாள். பழைய கத்தரிக்கோலும் பழைய ஜன்னியும் அங்கே பிழைத்திருந்தன. ஊர்விட்டு ஊர் வேலைக்குப் போன குடும்பங்களிலும் இதே கதை.

2000இல் மத்திய அரசு 378 ஏழை மாவட்டங்களில், தாய்மார் சாவைக் குறைத்துப் பிறந்த குழந்தைகளின் இரணஜன்னியை ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மருத்துவமனைக்கு வந்து பெற்றால் பணம். மாவட்ட மருத்துவமனையில் அவசரச் சிகிச்சை. ஊர் மருத்துவச்சிகளுக்குக் கொடி வெட்ட அனுமதி இல்லை, கர்ப்பிணியைக் கூட்டிவரும் வேலை மட்டும். 2009இல் கிராமப்புறம் முழுவதற்கும் மானியம் வந்தது. 2010இல் மருத்துவமனைப் பிரசவம் 97.8 சதவீதம். 2012இல் சீனம் இந்த ஜன்னியை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. 2020இல் தாய்மார் சாவு லட்சத்துக்கு 16.9.

மருத்துவமனை தன் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தது. 2008இல் 28.8 சதவீதமாக இருந்த சிசேரியன் 2014இல் 34.9 ஆயிற்று. பெறப்போவது ஒன்றே ஒன்று என்ற பதற்றம், வலி குறைக்கும் ஊசி பெரும்பாலான இடங்களில் கிடைக்காதது, நல்ல நாள் பார்ப்பது, வழக்குப் பயம், அறுவைக்குக் கூடுதல் கட்டணம் எல்லாம் ஒரே திசையில் தள்ளின. 2016இல் இரண்டாவது குழந்தைக்கு அனுமதி வந்ததும் பழைய தழும்பு பேசத் தொடங்கியது. முன்பு கிழித்துத் தைத்த இடத்தில் நஞ்சுக்கொடி வேரூன்றிக்கொண்டால் பிரசவத்தில் அதைப் பிரிக்க முடியாது, உதிரம் கொட்டும். முதல் குழந்தைக்குப் ‘பாதுகாப்பாக’ எடுத்த முடிவு, 35 வயதைத் தாண்டிய இரண்டாவது பிரசவத்தில் ஆபத்தாக வந்து நின்றது.

பிரசவ அறையில் இயல்பான பிரசவத்தைப் பொறுமையாகப் பார்த்திருக்கத் தெரிந்த கைகளுக்கு அப்போதுதான் மறுபடி தேவை ஏற்பட்டது. ஜூசான்ஷி என்ற பெயர் பலகையில் இருந்தது, தனித் தொழிலாக அது ஏட்டில் கரைந்துபோயிருந்தது: அவளிடம் இருப்பது செவிலியர் பதிவு, அதற்கு மேல் தாய் சேய் நலத் தொழில்நுட்பத் தேர்ச்சிச் சான்றிதழ் ஒன்று. பதவி உயர்வுப் பட்டியலிலும் செவிலியர் வரிசையில்தான் நிற்கிறாள். 2010களில்தான் பேறுகாலப் பராமரிப்பைத் தனி இளநிலைப் பட்டப் படிப்பாகச் சில பல்கலைக்கழகங்கள் தொடங்கின. அந்த முதல் மாணவிகள் படித்து வெளியே வந்தபோது பிறப்புகளே வற்றத் தொடங்கிவிட்டன. 2016இல் 1.78 கோடிக்கு மேல் பிறந்த நாட்டில் 2023இல் பிறந்தது 90 லட்சம். சிறு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக மகப்பேறுப் பிரிவை மூடுகின்றன. அங்கிருந்த பேறுகாலச் செவிலியர் வேறு வார்டுக்கு மாற்றப்படுகிறார்கள், சிலர் மாதம் உட்காரும் விடுதிகளில் குழந்தை குளிப்பாட்டப் போகிறார்கள்.